மத்தியானத்துக்கு மேல் திசை மாறும் ஆறு

போனில் பாரமானி இருக்கிறவர்கள் ஒரு நாள் முழுக்க அதைக் கவனியுங்கள். ஆரணியிலோ பக்கத்துத் திருமலையிலோ, புயல் மழை இல்லாத நாளில், காலை 10 மணி வாக்கில் காற்றழுத்தம் உச்சத்தில் இருக்கும். சாயங்காலம் 4 மணிக்குள் இரண்டு மூன்று மில்லிபார் இறங்கிவிடும். ராத்திரி 10 மணிக்கு மறுபடி ஏறும், விடியற்காலை மறுபடி இறங்கும். கடலைப் போலக் காற்றுக்கும் ஓதம் உண்டு. இதைக் கிளப்புவது பெரும்பாலும் நிலா இல்லை, வெயில். நீராவியும் ஓசோனும் சூடு வாங்குவதால் எழும் அலை இது.

தரையில் இது ஒரு பொருட்டே இல்லை. மேலே போகப் போகக் காற்று மெலிவதால் அலையின் வீச்சு பெருகிக்கொண்டே போகிறது. 100 கி.மீ. உயரத்தில், அதாவது அயனிமண்டலத்தின் அடிப்பகுதியில், அது விநாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று. அந்தக் காற்று அயனிகளை இழுத்துக்கொண்டு போகும். எலக்ட்ரான்களைப் பூமியின் காந்தப்புலம் விடாது. இரண்டும் பிரிந்தால் மின்புலம் பிறக்கும், மின்சாரம் ஓடும். டைனமோதான், வேறொன்றுமில்லை. காந்த நடுக்கோட்டின் மேல் இந்த மின்னோட்டம் ஒடுங்கி, சுமார் 105 கி.மீ. உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி ஆறு மாதிரி ஓடுகிறது.

அந்தக் கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போனதால்தான் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் மேலே சோடியம் ஆவியைத் தூவியது. உயரத்துக் காற்று எப்படி அடிக்கிறது என்று பார்க்கத்தான் அது! இப்போது ஆற்றின் பலத்தைத் தரையிலிருந்தே அளக்கிறார்கள்: திருநெல்வேலி காந்தமானியின் அளவிலிருந்து மும்பைக்குப் பக்கத்து அலிபாக்கின் அளவைக் கழித்தால் போதும்.

சில நாட்களில் மத்தியானத்துக்கு மேல் இந்த ஆறு மேற்கே திரும்பிவிடும். நிலா தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளி உதிப்பது போல, பல சமயம் இந்தத் திரும்பலும் நாளுக்கு நாள் தள்ளிப் போகும். காற்றின் ஓதத்தில் நிலாவுக்கு இருக்கும் சின்னப் பங்கு அன்றைக்குப் பெரிதாகிவிடுகிறது.

ஏன் பெரிதாகிறது? இங்கேதான் கோள் அலைகள் வருகின்றன. மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசமும் கிளப்பும், ஆயிரக்கணக்கான கி.மீ. நீளமுள்ள அலைகள். இவற்றில் பெரும்பாலானவை அயனிமண்டலம் வரை ஏறுவதில்லை. ஆனால் குளிர்காலத்தில் வடதுருவத்தின் அடுக்கு மண்டலத்தில் உடைந்தால், அங்கே சில நாட்களில் வெப்பநிலை பல பத்து டிகிரி எகிறும், காற்றே திசை மாறும். ஓதம் ஏறிப் போகும் பாதை மாறிவிடுகிறது. பாவு தளர்ந்தால், நெய்கிற கை அதேதான் என்றாலும் புடவையின் நெருக்கம் மாறிவிடும் இல்லையா, அந்தக் கதைதான்.

2009 ஜனவரியில் இது மிகப் பலமாக நடந்தது. சூரியன் அப்போது ரொம்ப அமைதி. பழியை அதன் மேல் போட முடியாது. பெருவின் ஹிகமார்கா ராடாரில் அயனிமண்டலம் காலையில் வழக்கத்தைவிட வேகமாக மேலே போனது, பிற்பகலில் கீழே இறங்கியது. அதே வருஷம், துருவச் சூடேற்றத்துக்கும் நம்மூர்ப் பிற்பகல் திரும்பலுக்கும் உள்ள தொடர்பைத் திருவனந்தபுரத்து ஆய்வாளர்களும் எழுதினார்கள்.

சரி, ஆறு திரும்பினால் நமக்கென்ன? கிழக்கே ஓடும் நாளில் அதே மின்புலம் நம் தலைக்கு மேலே எலக்ட்ரான்களைத் தூக்கி, ஊற்று மாதிரி வடக்கே அகமதாபாத் பக்கம் வரை கொட்டுகிறது. ஜிபிஎஸ் சிக்னல் எவ்வளவு தாமதமாகும் என்பது வழியிலுள்ள எலக்ட்ரான்களைப் பொறுத்தது. விமானங்களுக்கு ஜிபிஎஸ் பிழையைத் திருத்தித் தரும் நம் 'ககன்' அமைப்பைக் கட்டியவர்களுக்குப் பெரிய தலைவலியே இந்த ஊற்றுதான். ஆறு திரும்பிய நாளில் ஊற்று பாதியில் அடங்கிவிடும். நேற்றைய கணக்கு இன்றைக்குச் செல்லாது.