வெர்னல் கண் அழற்சி: இரண்டாவது சொட்டு மருந்து எதற்காக?

“முதல் மருந்திலேயே அரிப்பு நின்றுவிடுகிறதே, இன்னொன்று எதற்கு?” என்று பெற்றோர் பலர் எங்களிடம் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. இரண்டாவது மருந்தின் விலை அதிகம். விட்டவுடன் கண் எரியவும் செய்கிறது.

வெர்னல் என்னும் ஒவ்வாமைக் கண் அழற்சி, வெப்பமும் வறட்சியும் மிகுந்த ஊர்களில் சிறுவர்களை, குறிப்பாக ஆண் குழந்தைகளை, அதிகம் தாக்குகிறது. பெயரில்தான் வசந்தம், திருப்பூர், பல்லடம் பகுதிகளில் மாசி முடிந்து வெயில் ஏறும்போது தீவிரமடைகிறது. தூசியும் பஞ்சுத் துகளும் உறுத்தலைக் கூட்டும். பெரும்பாலானோருக்குப் பருவ வயதையொட்டி இந்நோய் தானாகவே தணிந்துவிடும். அதுவரை பார்வையைக் காப்பதே எங்கள் கவலை.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஓரிரு நாளில் சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். நிறுத்தினால் நோய் திரும்பும். உடனே பழைய சீட்டையோ காலிக் குப்பியையோ காட்டி மருந்துக்கடையில் மீண்டும் வாங்குவர். மாதக்கணக்கில் இவ்வாறு விட்டால் சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு பழுதாகும், கண்புரையும் வரலாம். புரையை அறுவை மருத்துவத்தால் நீக்கலாம். பழுதான நரம்பை மீட்க வழியில்லை. அழுத்தம் உயர்வது பெரும்பாலும் வலியின்றி நிகழ்வதால் குழந்தை எதையும் சொல்லாது.

இங்குதான் சைக்ளோஸ்போரின் பயன்படுகிறது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட இம்மருந்து, அழற்சியைத் தூண்டும் டி அணுக்களைக் கட்டுப்படுத்துகிறது. கண் அழுத்தத்தை உயர்த்துவதில்லை. முன்பு மருத்துவர்கள் இதை எண்ணெயில் கலந்து கொடுத்தனர். குழந்தைகளின் வெர்னல் நோய்க்கெனவே உருவான சொட்டு மருந்துக்கு ஐரோப்பாவில் 2018இலும் அமெரிக்காவில் 2021இலும் அனுமதி கிடைத்தது. சிலருக்கு இதே வகையைச் சேர்ந்த டாக்ரோலிமஸ் களிம்பைத் தருகிறோம்.

சிறுநீரக மாற்று நோயாளிகள் உட்கொள்ளும் மருந்தும் இதுவே என்று அறிந்து அஞ்சுவோர் உண்டு. சொட்டு மருந்தாக விடும்போது இரத்தத்தில் கலக்கும் அளவு மிகச் சொற்பம்.

ஆனால் இது மெதுவாகவே வேலை செய்யும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆகவே தொடக்கத்தில் இரண்டையும் சேர்த்துத் தந்து, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்கிறோம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகின்றனர்: எரிச்சல் தரும் புதிய மருந்தை நிறுத்திவிட்டு, சுகம் தரும் பழையதைத் தொடர்கின்றனர். எரிச்சல் பெரும்பாலும் நாளடைவில் குறையும். பொறுக்க முடியாவிடில் எங்களிடம் கூறுங்கள். மாற்று வழி உண்டு.

இரு மருந்துகளுக்கும் இடையே ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். பனியன் கம்பெனியில் இருவரும் ஷிஃப்டுக்குச் செல்வதால் மதிய வேளைச் சொட்டு தவறுகிறது என்றால் தயங்காமல் தெரிவியுங்கள். வீட்டிலுள்ள பாட்டி விடக்கூடிய நேரங்களாக மாற்ற முடியுமா என்று பார்ப்போம். குழந்தை கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து கசக்கினால் கருவிழியின் வடிவமே மாறக்கூடும்.

வலி, வெளிச்சத்தில் கண் திறக்க இயலாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே அழைத்து வாருங்கள். கண் நன்றாகத் தெளிந்திருந்தாலும் அழுத்தப் பரிசோதனைக்குக் குறித்த நாளைத் தவறவிடாதீர்கள். வரும்போது கடையில் நீங்களாக வாங்கியவை உட்பட, வீட்டிலுள்ள எல்லாக் கண் மருந்துக் குப்பிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.