காயலுக்குப் போகும் வழி

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் கால்வத்தியிலிருந்து டச்சு அரண்மனை வரை நடந்துபோகிறவருக்கு, கூடவே ஒரு பெரிய காயல் கிடக்கிறது என்பதே பெரும்பாலும் தெரியாது. நீர் இருப்பதோ சில கட்டடங்களுக்கு அப்பால்தான். நடுவில் வரிசையாக நிற்பவை பழைய பண்டகசாலைகள். ஒவ்வொன்றுக்கும் தெருவைப் பார்த்து ஒரு கனத்த மரக்கதவு, உள்ளே இஞ்சியும் மிளகும் காயப்போடுவதற்கு ஒரு முற்றம், அதைத் தாண்டினால் பின்வாசலில் காயலில் இறங்கும் ஒரு சின்னத் துறை. சரக்கு வள்ளத்தில் வந்து அந்தத் துறையில் இறங்கும், எடைபோட்டு முற்றத்தில் பரப்பப்படும், பிறகு முன்வாசல் வழியே வண்டியேறும். வணிகத்துக்காகவே கட்டப்பட்ட கரை இது. நீர் தேவைப்பட்டது வணிகருக்கு, ஆகவே நீருக்கான வாசலும் அவரிடமே இருந்தது. அன்று அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் சுமைதூக்கியும் வள்ளக்காரரும் தரகரும் அதே வாசல்களில்தான் பிழைத்தார்கள். ஆனால் துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி வில்லிங்டன் தீவை உருவாக்கிய பிறகு கப்பல் அங்கே போயிற்று. சரக்கு லாரிக்கு மாறியது. 2011-இல் வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையமும் வந்துவிட்டது. இன்று அந்தப் பண்டகசாலைகளில் பல பூட்டிக் கிடக்கின்றன, சில பழம்பொருள் கடைகளாகவும் விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறியிருக்கின்றன. பின்வாசலில் உட்கார்ந்து காயலைப் பார்க்கலாம், ஒரு காபி வாங்கினால். அடுத்த சந்தில் ஓர் அறை வீட்டில் ஆறு பேராக வாழும் குடும்பம் மாலையில் காற்று வாங்க எங்கே போவது?

நீர்நிலைக்கரையில் உட்காருவதும் நடப்பதும் படகேறுவதும் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அது தவறு. சாதாரண மக்கள் நாள்தோறும் போய் வருகிற நீர்நிலைதான் பிழைக்கும். அவர்களுக்கு வழி அடைபட்ட நீர்நிலை, ஒன்று விற்பனைப் பொருளாகும், அல்லது சாக்கடையாகும். கொச்சியின் காயல் இரண்டையும் ஒருசேரக் காட்டுகிறது.

ஏரிக்கரை உலாவுக்குப் பேர்போன இங்கிலாந்திலும் இந்த வழி தானாகத் திறந்துவிடவில்லை. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் தடையை மீறி ஏறினார்கள். பிரபுக்களின் வேட்டைக்காடாக இருந்த இடம் அது. ஐந்து பேர் சிறை சென்றார்கள். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புற அணுகலுக்குமான சட்டம் வந்தது, 1951-இல் ஏரி மாவட்டம் தேசியப் பூங்கா ஆனது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலைமேடுகளிலும் புதர்நிலங்களிலும் எவரும் நடக்கலாம் என்றது. ஆனால் அந்தச் சட்டம் தரும் உரிமையில் ஏரியில் இறங்கிக் குளிப்பது சேராது. மேட்டின் உச்சியில் நின்று பார்க்கலாம், கீழே நீரில் கால் நனைக்கக் கரைக்காரரின் அனுமதி வேண்டும். பக்கத்து ஸ்காட்லாந்து 2003-இல் உள்நாட்டு நீர்நிலைகளையும் பொறுப்போடு பயன்படுத்தும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டது. ஒரே தீவில், ஒரே மழையில் நிறையும் ஏரிகள், ஆனால் சட்டம் வேறு. வழி திறப்பதும் அடைப்பதும் மனிதர் செய்யும் ஏற்பாடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நமக்கு இன்னும் அருகில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1824-இல் ஜான் சல்லிவன் உதகையில் ஏரி அமைத்தார். 1863-இல் வெர் லெவிஞ்ச் கொடைக்கானலில் ஓடையைத் தடுத்து ஏரி கட்டினார். தங்கள் ஊர் ஏரிக்கரைகளின் நினைவில் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டவைதான் இரண்டும். என்றாலும் கொடைக்கானலில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஏரியைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்குச் சாலை போட்டார்கள். அந்தச் சாலைதான் இன்று வரை ஏரியைப் பொதுவில் வைத்திருக்கிறது. பங்களா எவ்வளவு பெரிதானாலும் அதற்கும் நீருக்கும் நடுவில் பொதுமக்கள் நடக்கும் பாதை ஒன்று உண்டு. படகுக்குக் காசு இல்லாதவரும் முழு ஏரியையும் சுற்றிவர முடியும். எர்ணாகுளம் கரைக்கு மரைன் டிரைவ் நடைபாதையும் சுபாஷ் பூங்காவும் இதே நன்மையைச் செய்கின்றன. கொச்சி நகரம் மூச்சு விடுவது அங்கேதான். எதிர்க்கரையில் இருக்கும் மட்டாஞ்சேரிக்கு அப்படி ஒரு நடை கிடைக்கவே இல்லை. ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையின் சீனவலைப் பக்கம்தான் போக வேண்டும். அங்கும் உலகமெல்லாம் இருந்து வரும் கூட்டத்தோடு நெருக்கியடித்து நிற்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. மணாலியில் பியாஸ் ஆற்றின் போக்கையே ஒரு விடுதிக்காகத் திருப்பிய வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆறும் கரையும் மக்களின் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே. மரடில் காயலோரம் எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறியவை என்று 2019-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்துத் தீவில் கட்டிய சொகுசு விடுதியையும் இடிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இவை அவசியமான தீர்ப்புகள். ஆனால் ஒரு கட்டடத்தை இடிப்பதால் மக்களுக்கு ஒரு படித்துறை கிடைத்துவிடாது. தடுப்பதற்கு நம்மிடம் விதி இருக்கிறது, திறப்பதற்கு விதி இல்லை. அறங்காவலர் கோயிலைக் கொள்ளையர்களிடமிருந்து காப்பாற்றிவிட்டுக் கதவைத் திறக்காமலே விட்டால், பக்தருக்கு என்ன பயன்?

அண்மையில் நடந்த நல்ல காரியம் வாட்டர் மெட்ரோ என்ற படகுச் சேவை. 2023 ஏப்ரலில் தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் செய்த, நூறு பேர் போகக்கூடிய மின்படகுகள். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரி முனையமும் திறந்தது. இதைப் போக்குவரத்துத் திட்டம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அதில் ஏறுபவர்களில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? குழந்தைகளோடு காயலைப் பார்க்க ஏறுகிறவர்களும் அதன் பயணிகளே. அரசின் பழைய நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகுகளும் இன்னும் குறைந்த காசில் இதே சேவையைத் தலைமுறைகளாகச் செய்துவருகின்றன. ஆலப்புழைப் படகுவீட்டின் ஒருநாள் வாடகைக்கு இங்கே ஒரு தெருவே படகேறலாம்.

நீர்நிலையை எல்லோருக்கும் திறக்கச் சொன்னால் முதலில் வரும் மறுப்பு உயிரைப் பற்றியது, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2002 ஜூலையில் குமரகம் படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். 2015 ஆகஸ்டில் ஃபோர்ட் கொச்சியிலேயே பயணிகள் படகில் மீன்பிடிப் படகு மோதி 11 பேர். 2023 மே மாதம் தானூரில் 22 பேர், அவர்களில் பலர் குழந்தைகள். மக்களை நீரருகே விடாமலிருப்பதே பாதுகாப்பு என்று இதைக் காட்டிச் சொல்கிறார்கள். இந்த விபத்துகளை நெருங்கிப் பார்த்தால் காரணம் வேறு. தானூரில் ஓடியது மாற்றியமைக்கப்பட்ட மீன்பிடிப் படகு, அதில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். குமரகத்திலும் கூட்டம் அளவு மீறியது. அங்கே தவறியது கண்காணிப்பு. வாட்டர் மெட்ரோவில் வாயிலிலேயே எண்ணித்தான் ஆளை விடுகிறார்கள், பாதுகாப்பும் எளியவர்களின் பயணமும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு அதுவே போதும். ஆலுவாவில் பெரியாற்றில் பல ஆண்டுகளாக இலவசமாக நீச்சல் கற்றுத்தருகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் கற்றிருக்கிறார்கள், பார்வையற்ற சிறுவர்கூட ஆற்றைக் கடந்திருக்கிறார். காயலுக்கு நூறடி தூரத்தில் பிறந்த குழந்தை நீந்தத் தெரியாமல் வளர்வதுதான் பெரிய ஆபத்து. லண்டனில் ஹாம்ஸ்டெட் ஹீத் குளங்களில் காவலர் இல்லாத வேளையில் நீந்தத் தடைவிதித்தபோது வழக்குப் போனது. தெரிந்தே தம் பொறுப்பில் நீந்தும் பெரியவர்களுக்காக நிர்வாகம் அஞ்ச வேண்டியதில்லை என்று 2005-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. நம் காயலில் கப்பல்தடமும் நீரோட்டமும் உண்டு, அந்தத் தீர்ப்பை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதவை அடைக்கக் கூடாது என்ற நியாயம் இங்கும் பொருந்தும்.

கூட்டம் வந்தால் குப்பை வரும் என்பது அடுத்த மறுப்பு. வரத்தான் செய்யும், தொட்டி வைக்க வேண்டும், அள்ள வேண்டும். ஆனால் கால்வத்திக் கால்வாய் கறுத்து நாறுவது உலாவ வந்தவர்களாலா? நகரின் மிகச் சிறிய பகுதிக்கே பாதாளச் சாக்கடை இருக்கிறது, மற்ற வீடுகளின் கழிவு ஓடைகள் வழியே காயலில் சேர்கிறது. கொச்சிக் காயலும் அடங்கிய, 2002-இல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த வேம்பநாட்டுக் காயலுக்குக் கிடைத்த கவனிப்பு இவ்வளவுதான். அதையும் அஷ்டமுடிக் காயலையும் காக்கத் தவறியதற்காக 2023 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரள அரசுக்குப் பத்துக் கோடி ரூபாய் அபராதம் விதித்தது. எவரும் போகாத பின்புறத்தில்தான் கழிவைத் திறந்துவிட முடியும். தினமும் ஐந்நூறு பேர் வந்து உட்காரும் படிக்கட்டின் அருகே குழாயைத் திறக்க ஒருவருக்கும் துணிவு வராது, வந்தாலும் மறுநாளே சண்டை வரும்.

மீனவர்களின் கவலைதான் எனக்கு மிக நியாயமாகப் படுகிறது. சீனவலையை இறக்கி ஏற்ற நாலைந்து பேர் கயிறும் கல்லும் பிடித்து உழைக்கிறார்கள். அந்தத் துறையில் படம்பிடிக்கக் கூடும் கூட்டம் அவர்கள் வேலைக்கு இடைஞ்சல், விரைவுப் படகின் அலை வலைக்குக் கேடு. ஆகவே முதல் உரிமை அவர்களுடையது. அவர்கள் துறைகளைத் தொடக் கூடாது. 2003-இல் மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக அறிவிக்கப்பட்ட கும்பளங்கி, வலையும் கயிறுதிரிப்பும் அதே இடத்தில் நடக்க, வருகிறவர் அவர்கள் ஒழுங்குக்கு உட்பட்டுப் பார்க்கும் ஏற்பாட்டை முயன்றது. வழி அங்கே இருக்கிறது.

பஜார் சாலைக்குப் பூங்காவோ பாலமோ வேண்டாம். பூட்டிக் கிடக்கும் பண்டகசாலைகளில் இரண்டு மூன்றையாவது மாநகராட்சி விலைக்கோ குத்தகைக்கோ எடுத்து, முன்கதவையும் பின்வாசலையும் காலை முதல் இரவு வரை திறந்துவைக்கட்டும். பழைய துறைப்படிகளைச் செப்பனிட்டு, விளக்கும் கழிப்பறையும் ஒரு காவலரும் போடட்டும். பின்பக்கச் சுவர்களைப் பிடித்தபடி அவற்றை இணைக்கும் நடைபாதை பிறகு வரட்டும். பாரம்பரியக் கட்டடம் என்று சொல்லி அந்தக் கதவுகளைத் தனியாருக்கு மட்டும் திறக்கும் அனுமதிகளை, மக்களுக்கும் ஒரு வழி விட வேண்டும் என்ற நிபந்தனையோடு மட்டுமே இனிக் கொடுக்க வேண்டும். மட்டாஞ்சேரியின் வார்டு உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்கட்டும்.