பீளமேட்டில் ஒரு விமானத்தை இறக்கிப் பார்த்தோம்

அவிநாசி சாலையை ஒட்டிய எங்கள் பள்ளிக்கு மேலே விமானங்கள் தாழ்ந்து பறப்பது வழக்கமான காட்சி. சத்தம் கேட்டதும் வகுப்பு முழுவதும் சன்னலைப் பார்க்கும். பீளமேட்டில் உள்ள கோவை விமான நிலையத்தில் இறங்கப் போகும் விமானங்கள் அவை. ஒருநாள் பத்தாம் வகுப்பில் இறக்கக் கோணம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “ஏனுங்க சார், எங்கிருந்து எவ்வளவு இறங்கோணும்னு பைலட்டுக்கு எப்படித் தெரியும்?”

“அதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும்” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அது அரைகுறையான பதில் என்பது எனக்கே உறுத்தியது. விமானம் தானே தரையிறங்கும் வசதி பெரும்பாலும் பனிமூட்டம் போன்ற, பார்வை மங்கும் வேளைகளுக்கு உரியது. தெளிவான வானிலையில் கடைசிக் கட்டத்தில் விமானி ஆட்டோபைலட்டை நிறுத்திவிட்டுக் கையால்தான் இறக்குகிறார். அவர் செய்யும் கணக்கு என்ன?

அதைத் தெரிந்துகொள்ள வீட்டுக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டரை நிறுவினேன். விலைக்குக் கிடைப்பவை பல உண்டு. ‘ஃப்ளைட்கியர்’ என்பது இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள். கோவை ஓடுபாதையையும் ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தையும் தேர்ந்தெடுத்து, இரவுகளில் பழகத் தொடங்கினேன். பிறகு தலைமையாசிரியரின் அனுமதியுடன் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத் திரையில் மாணவர்களுக்கும் காட்டினேன். அதில் நாங்கள் கற்றவற்றையே இங்கே பகிர்கிறேன்.

ஓடுபாதையின் பெயரே ஒரு பாடம்

கோவை ஓடுபாதையின் ஒரு முனையில் 23 என்றும் மறுமுனையில் 05 என்றும் எழுதியிருக்கும். இவை காந்த வடக்கிலிருந்து அளக்கும் திசைக்கோணங்கள். கடைசிப் பூச்சியத்தை நீக்கி எழுதுவது மரபு. 23 என்றால் ஏறத்தாழ 230 பாகை, அதாவது தென்மேற்கு. எதிர்முனை 50 பாகை, வடகிழக்கு. இரண்டுக்கும் வேறுபாடு 180. அவிநாசிப் பக்கமிருந்து தென்மேற்கு நோக்கி வரும் விமானம் 23ஆம் ஓடுபாதையில் இறங்குகிறது. தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்குத் திசைகாட்டியைக் கொடுத்து, பள்ளித் தாழ்வாரத்துக்கு இதே முறையில் எண் சூட்டச் சொல்லலாம்.

மூன்று பாகைச் சரிவு

பயணிகள் விமானம் பொதுவாக 3 பாகைச் சரிவில் இறங்கும். முக்கோணவியல் அட்டவணையில் 3 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பு 0.0524. ஏறத்தாழ 19 மீட்டர் முன்னே சென்றால் 1 மீட்டர் இறங்குகிறது என்பது இதன் பொருள். பள்ளி ஓடுபாதையிலிருந்து 10 கி.மீ. தொலைவில் இருந்தால், தலைக்கு மேல் போகும் விமானத்தின் உயரம் 10,000 × 0.0524 = 524 மீட்டர்.

விமானிகள் தொலைவைக் கடல் மைலிலும் உயரத்தை அடியிலும் அளக்கிறார்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6,076 அடி. அதை 0.0524ஆல் பெருக்கினால் 318 அடி வரும். மனக்கணக்குக்கு இதை 300 என்று வைத்துக்கொள்வார்கள். 10 கடல் மைலுக்கு ஏறத்தாழ 3,000 அடி என்பது அவர்கள் மனத்தில் எப்போதும் ஓடும் வாய்ப்பாடு.

நான் விபத்துக்குள்ளாக்கிய விமானம்

ஆய்வகத்தில் முதல்நாள் கரும்பலகையில் இப்படி எழுதினேன்: 10 கடல் மைலில் 3,180 அடி, 5 கடல் மைலில் 1,590 அடி, 1 கடல் மைலில் 318 அடி. ஒரு மாணவன் தொலைவைப் படித்துச் சொல்ல, உயரங்காட்டியில் அந்த எண் வருமாறு விமானத்தை இறக்கிக்கொண்டே வந்தேன். 5 கடல் மைலில் எண் சரியாகப் பொருந்தியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, “ரொம்பத் தாழப் போகுதுங்க சார்” என்றாள். “கணக்கு சரியாத்தான் இருக்கு, உட்காரும்மா” என்றேன். சற்று நேரத்தில் மறுபடியும் சொன்னாள். எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த நான் வெளியே தெரிந்த தரையைப் பார்க்கவில்லை. எச்சரிக்கைக் குரலும் காதில் விழவில்லை. ஒலியை நானே குறைத்து வைத்திருந்தேன். ஓடுபாதைக்கு ஏறத்தாழ 8 கி.மீ. முன்பே விமானம் தரையில் மோதியது.

சிரிப்பு அடங்கிய பிறகு அவளே காரணத்தையும் சொன்னாள். “ஸ்டேஷன் போர்டுல கடல் மட்டத்துக்கு மேல இத்தனை மீட்டர்னு போட்டிருக்குமுங்க சார். நம்ம ஊரே மேலதானுங்களே இருக்குது?”

அதுதான் பிழை. இறங்கும்போது விமானத்தின் உயரங்காட்டி கடல் மட்டத்திலிருந்துதான் உயரத்தைக் காட்டும். கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,320 அடி உயரத்தில் இருக்கிறது. சக்கரம் ஓடுபாதையைத் தொடும்போதும் கருவியில் 1,320 என்றுதான் இருக்கும். என் பெருக்கலில் தவறில்லை. பூச்சியத்தைத் தவறான இடத்தில் வைத்துவிட்டேன். மாணவர்கள் 1,320ஐ 318ஆல் வகுத்தார்கள். விடை ஏறத்தாழ 4.15 கடல் மைல், அதாவது 7.7 கி.மீ. விமானம் எங்கே மோதியிருக்கும் என்பதை என் பிழையைக் கொண்டே கணக்கிட்டுவிட்டார்கள். சரியான எண்கள் 4,500, 2,910, 1,638 என்று கரும்பலகையில் மாற்றி எழுதினோம். எண்கோட்டில் தொடக்கப்புள்ளி ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

எவ்வளவு வேகமாக இறங்குவது?

ஏ320 போன்ற விமானம் இறங்கும் வேகம் ஏறத்தாழ 140 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். நிமிடத்துக்கு 2.33 கடல் மைல் செல்லும் விமானம், மைலுக்கு 318 அடி வீதம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 740 அடி இறங்க வேண்டும். தரைவேகத்தை 5ஆல் பெருக்கு என்பது விமானிகளின் குறுக்குவழி. அதன்படி 700 அடி. இந்தத் தோராயத்தில் தொடங்கி, வழியில் திருத்திக்கொள்கிறார்கள்.

அந்தத் திருத்தத்தில்தான் நான் அதிகம் தடுமாறினேன். உயரம் குறைந்தால் கைப்பிடியை வேகமாக இழுத்தேன். விமானம் சரிவுக்கு மேலே போனது. உடனே தள்ளினேன், கீழே போனது. வேகம் குறைந்ததும் எஞ்சின் விசையைக் கூட்டினேன். ஜெட் எஞ்சின் குறைந்த சுழற்சியிலிருந்து முழு விசைக்கு வரச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து இன்னும் கூட்டினேன், வேகம் எகிறியது. சிறிதாகத் திருத்து, விளைவு தெரியும்வரை காத்திரு, பிறகு மறுபடி சிறிதாகத் திருத்து என்பது கைக்குப் பழகப் பல இரவுகள் ஆயின.

ஓடுபாதை அருகில் கண்ணுக்கு ஒரு துணை உண்டு. ஓடுபாதையின் ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்குகள் இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரிவு சரி. நான்கும் வெள்ளை என்றால் விமானம் மிக உயரத்தில் இருக்கிறது. நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வில் இருக்கிறது. எண்ணைக் கண்ணாலும் சரிபார்க்க வேண்டும் என்பதை இந்த விளக்குகளே எனக்குக் கற்றுத்தந்தன.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று நம் மாணவர்களுக்குத் தெரியாததல்ல. பல்லடம், உடுமலை பகுதிகளில் காற்றாலைகள் சுழல்வதும் அந்தக் காற்றில்தான். மேற்கிலிருந்து, அதாவது 270 பாகையிலிருந்து, 20 நாட் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். விமானம் செல்லும் திசை 230. இடைக்கோணம் 40 பாகை. எதிர்க்காற்றின் பங்கு 20 × கொசைன் 40 = 15 நாட். பக்கக் காற்றின் பங்கு 20 × சைன் 40 = 13 நாட்.

எதிர்க்காற்று நன்மையே. காற்றைச் சார்ந்த வேகம் 140 நாட்டாக இருந்தாலும், தரைவேகம் ஏறத்தாழ 125 நாட்டாகக் குறையும். அதனால் நிமிடத்துக்கு 625 அடி இறங்கினாலே போதும். பக்கக் காற்று விமானத்தை இடப்பக்கம் தள்ளும். விமானி மூக்கை ஏறத்தாழ 5 பாகை வலப்பக்கம் திருப்பி வைத்து, நேர்கோட்டில் வருவார். வேகமான நீரோட்டத்தில் பரிசலை எதிர்ச்சாய்வாகச் செலுத்துவது போன்றதே இது.

கடைசி முப்பது அடி

நிமிடத்துக்கு 700 அடி என்பது விநாடிக்கு ஏறத்தாழ 12 அடி. 30 அடி உயரத்திலிருந்து தரையைத் தொட இரண்டரை விநாடிதான். அந்த இடைவெளியில் மூக்கை மெல்ல உயர்த்தி, எஞ்சின் விசையை முழுவதும் குறைத்து, இறங்கும் வேகத்தைத் தணிக்க வேண்டும். முன்னதாக இழுத்தால் விமானம் ஓடுபாதையின் மேலேயே மிதந்துகொண்டு போகும். தாமதித்தால் பலமாக மோதும். சக்கரத்தின் கீழுள்ள தரையைப் பார்க்காமல் ஓடுபாதையின் மறுகோடியைப் பார்த்தால்தான் உயரம் பிடிபடுகிறது. சைக்கிள் பழகும் குழந்தைக்கு நாம் சொல்வதும் இதுதானே!

இறங்காமல் விடும் முடிவு

வேகம், சரிவு, திசை ஆகியவை குறிப்பிட்ட உயரத்துக்குள் நிலைப்படாவிட்டால் விமானி இறங்கக் கூடாது. 1,000 அடி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. விசையைக் கூட்டி மேலேறி, மறுபடி சுற்றி வர வேண்டும். இதற்குப் பெயர் ‘கோ-அரவுண்ட்’. இதை விமானிகள் தோல்வியாகக் கருதுவதில்லை.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் சரியான சரிவுக்கு மிக மேலே வந்தது. துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் செய்யச் சொன்னார். கருவியும் எச்சரித்தது. தலைமை விமானி தொடர்ந்து இறக்கினார். மேட்டுநிலத்தில் அமைந்த ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்த விமானத்தில் இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தனர். எச்சரிக்கைகளை மீறி, நிலைப்படாத இறக்கத்தைக் கைவிடாததே காரணம் என்றது விசாரணை மன்றம்.

இதை வகுப்பில் சொல்லும்போது என் குரல் தடுமாறியது. “உட்காரும்மா” என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. திரையில் மோதிய விமானத்தால் யாருக்கும் காயமில்லை. ஆனால் சரியாகப் பார்த்த ஒரு கண்ணை என் கணக்கின் மேலிருந்த நம்பிக்கையால் அடக்கினேன். அவள் இரண்டாம் முறையும் சொன்னாள். எல்லாக் குழந்தைகளும் அப்படிச் சொல்வதில்லை.

கணினி இல்லாமலும் செய்யலாம்

ஆய்வகம் இல்லாத பள்ளிகளிலும் இதைச் செய்ய முடியும். 19 மீட்டர் நூலின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையை 1 மீட்டர் உயரக் குச்சியிலும் கட்டினால், மூன்று பாகைச் சரிவு கண்முன் நிற்கும். தொடக்க வகுப்புக் குழந்தைகள் அதன் மேல் காகித விமானத்தை நகர்த்தட்டும். நடுநிலை வகுப்பினர் குச்சியை மேடை மேல் வைத்து, தரையிலிருந்து அளந்தால் எவ்வளவு, மேடையிலிருந்து அளந்தால் எவ்வளவு என்று கண்டறியட்டும். உயர்நிலை வகுப்பினர் தங்கள் ஊருக்கு மேலே விமானத்தின் உயரத்தைக் கணக்கிடட்டும்.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. கரும்பலகையில் நான் பிழை செய்வதாக யாருக்குத் தோன்றினாலும் “கோ-அரவுண்ட், சார்” என்று சொல்லலாம். அந்தக் குரல் அவ்வப்போது வருகிறது. சில நேரம் அவர்கள் சொல்வது தவறாகவும் இருக்கும். எப்படியிருந்தாலும் அங்கேயே நிறுத்தி, முதல் வரியிலிருந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் மேலே போகிறோம்.