தராசு முள் அசையாத நாட்கள்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்" என்னும் பழமொழியை அறியாத மாணவி நம் பள்ளியில் இருக்கமாட்டாள். ஆனால் சுவர் தேவைக்குமேல் பருத்துவிட்டால் என்ன செய்வது என்று பழமொழி சொல்லவில்லை. எடையைக் குறைப்பது எப்படி என்று சொல்ல இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குறையாத நாட்களில் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆள் இல்லை. மாணவியருக்கும், அவர்களைவிட முக்கியமாக அவர்களுடைய தாய்மார்களுக்கும், அதைப்பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

இதை எழுத எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். நான் ஒருமுறை தோற்றவள்.

சில ஆண்டுகளுக்கு முன், என் நாற்பத்தாறாம் வயதில், வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 114 என்று வந்தது. "நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் வாசற்படியில் நிற்கிறது" என்றார் மருத்துவர். என் தாயார் அந்நோயினால் ஒரு காலின் விரல்களை இழந்தவர். ஆகவே பயந்துபோனேன். அன்று என் எடை 71 கிலோ.

பயத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பட்டினியாகவே இருக்கிறது. காலையில் கொள்ளுக் கஞ்சி, மதியம் இரண்டு சப்பாத்தி, இரவில் ஒன்றுமில்லை. முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தது! ஆசிரியர் அறையில் எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். மூன்றாம் வாரம் முள் நின்றுவிட்டது. நான்காம் வாரம் தலைச்சுற்றலும் எரிச்சலும். அந்நாட்களில் காரணமின்றி என்னிடம் வசை வாங்கிய ஒன்பதாம் வகுப்பு மாணவியர் யாரேனும் இதைப் படித்தால் என்னை மன்னிப்பார்களாக. தீபாவளி வந்தது, போயிற்று. பொங்கலுக்குள் நான் 72 கிலோ ஆகியிருந்தேன்.

ஏன் இப்படி நேர்கிறது? அறிவியல் ஆசிரியையான நான் இதை முன்பே படித்திருக்க வேண்டும். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற பொருளாகச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உணவைத் திடீரென்று குறைத்தால் முதலில் இந்தச் சேமிப்பே கரைகிறது. நீரும் உடன் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் போன இரண்டு கிலோவில் பெரும்பகுதி கொழுப்பு அன்று; தண்ணீர். இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டால் அது அப்படியே திரும்பி வந்துவிடும். முள் முதலில் சொன்ன நற்செய்தியும் பொய்; பிறகு சொன்ன துக்கச் செய்தியும் பாதி பொய். நாமோ முன்னதை நம்பிக் குதிக்கிறோம், பின்னதை நம்பி அழுகிறோம்.

கொழுப்பு கரைவது மிக மெதுவான வேலை. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நாளொன்றுக்கு 250 கலோரி மிச்சம் பிடித்தால் ஒரு கிலோ குறைய ஒரு மாதம் ஆகும். 250 கலோரி என்றால் எவ்வளவு? நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். மணப்பாறை முறுக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது, நமக்கெல்லாம் பெருமைதான். அது எண்ணெயில் இருமுறை பொரித்தெடுக்கப்படுவது. 20 கிராம் எடையுள்ள ஒரு முறுக்கில் சுமார் 100 கலோரி இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக, மாலைத் தேநீருடன் கணக்கின்றி உள்ளே போகும் மூன்று முறுக்கை ஒன்றாக்கி, அரைமணி நேரம் நடந்தால், 300 கலோரி. முறுக்கை அறவே துறக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் உறவினர்க்கெல்லாம் முறுக்குப் பொட்டலம் கொடுத்தனுப்பும் ஊரில் அது நடக்கிற காரியமும் அன்று.

இக்கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. உடல் இளைக்க இளைக்க அதற்குத் தேவையான உணவும் குறைகிறது. எனவே முதலில் குறைந்த வேகத்தில் பிறகு குறையாது. பட்டினியால் வேகமாகக் குறைத்தால் உடல் பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணிச் சிக்கனத்தில் இறங்கும், பசியையும் தூண்டும். அமெரிக்காவில் 'தி பிக்கெஸ்ட் லூசர்' என்றொரு தொலைக்காட்சிப் போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்த அவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களுடைய உடல், ஓய்வாக இருக்கும்போது செலவழிக்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. கைதட்டலுக்காகக் குறைத்த எடை கைதட்டல் நின்றதும் திரும்பிவிட்டது என்று நான் சொல்லலாம். ஆனால் அது அவர்களுடைய மனவலிமைக் குறைவு அன்று, உடலின் இயல்பு என்பதே நியாயமான தீர்ப்பு.

அப்படியானால் முயன்று பயன் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்கு விடை நம் சென்னையிலேயே கிடைத்தது.

டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர், என்னைப் போல் நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைத் தேர்ந்தெடுத்து நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவினர் நாள்தோறும் அரைமணி நேரமாவது விறுவிறுப்பாக நடக்கவும், சர்க்கரை, தீட்டிய மாவுப்பொருள், கொழுப்பு ஆகியவற்றைக் குறைத்து நார்ச்சத்து மிகுந்த உணவை உண்ணவும் தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டனர். மூன்றாம் பிரிவுக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காம் பிரிவுக்கு இரண்டும். ஏறத்தாழ மூன்றாண்டு கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். முதற்பிரிவில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடையையும் உணவையும் திருத்திக்கொண்ட பிரிவிலோ 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை உண்டோர் நிலையும் ஏறக்குறைய இதுவே. இரண்டையும் சேர்த்ததனால் கூடுதல் பயன் காணப்படவில்லை.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி வேறு. நடந்து, உணவைத் திருத்தி, நோயைத் தள்ளிப்போட்ட அந்த இரண்டாம் பிரிவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை! தராசு முள் ஒன்றும் சொல்லாத அந்த ஆண்டுகளில், உடலுக்குள் நன்மை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. முள்ளை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் "ஒன்றும் பயனில்லை" என்று மூன்றாம் மாதமே வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

எடை குறைவது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், உடல் எடையில் 7 விழுக்காடு குறைப்பதையும் வாரம் 150 நிமிடம் உடலுழைப்பையும் இலக்காகக் கொண்டவர்களிடையே நீரிழிவு 58 விழுக்காடு குறைந்தது. 71 கிலோ உள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது வெறும் 5 கிலோ. அழகிப் போட்டிக்குப் போகும் அளவுக்கு இளைக்க வேண்டியதில்லை என்பதே ஆறுதல்.

இவற்றையெல்லாம் அறிந்தபின் இரண்டாம் முறை தொடங்கினேன். இம்முறை செய்த முதல் வேலை, எடை பார்ப்பதை மாதம் ஒருமுறை ஆக்கியது. உப்பு சற்றுக் கூடினாலும், பெண்களுக்கு மாதத்தில் சில நாட்களிலும், உடலில் நீர் தங்கி ஒரு கிலோ ஏறி இறங்கும். அதை நாள்தோறும் பார்த்து மனம் குலைவானேன்? அதற்குப் பதிலாக அடுக்களை நாட்காட்டியில், நடந்த நாளுக்கு ஒரு கோடு போட்டேன். முள் என் கையில் இல்லை. கோடு என் கையில் இருந்தது.

உணவிலும் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. தட்டில் முதலில் காயும் கீரையும் பருப்பும், பிறகே சோறு. அதுவும் ஒரு கரண்டி குறைவாக. தேநீரில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தவில்லை, மாதம் அரைக் கரண்டி என்று குறைத்தேன். இப்போது சர்க்கரை போட்ட தேநீர் எனக்கு மருந்துபோல் கசக்கிறது. முறுக்கு டப்பா மேல் அலமாரிக்குப் போயிற்று. நாற்காலி போட்டு ஏற வேண்டும். ஏறுவதற்குள் பாதி ஆசை தணிந்துவிடும். சிரிக்காதீர்கள். நம் உறுதியைவிட அலமாரியின் உயரம் நம்பத்தக்கது. வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதில் ஒரு மூலிகையின் பெயரும் கிடையாது. பசித்து, அளவறிந்து உண்பதே பேச்சு.

தவக்காலம் முழுவதும் இனிப்பைத் தொடாமல் இருந்துவிட்டு, ஈஸ்டர் அன்று மதியத்திற்குள் அத்தனையையும் ஈடுகட்டிவிடுவோர் உண்டு. (அவர்களுள் ஒருத்தி இக்கட்டுரையை எழுதுகிறாள்.) ஒரு நாள் முடியப்போகிறது என்று தெரிந்தே செய்யும் கட்டுப்பாடு வேறு, வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் என்று சலிப்பின்றி ஏற்றுக்கொள்ளும் மாற்றம் வேறு. பின்னதற்கு மாற்றம் சிறியதாக இருந்தாக வேண்டும்.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். சாப்பாட்டுடன் ஒரு பழம், இரவு உணவுக்கு முன் ஓட்டம் என்று ஆளுக்கொரு சிறு பழக்கம். அது தானாக நடக்கும் நிலையை எட்ட, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள், நடுத்தரமாக 66 நாள் ஆகுமென்று கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதும் தெரிந்தது. இது மிக முக்கியம். கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டு, "இன்றோடு எல்லாம் போயிற்று" என்று மூன்றாவதையும் எடுக்கிறோமே, அந்த மூன்றாவதுதான் குற்றவாளி.

எனக்கு ஒன்றரை ஆண்டில் 6 கிலோ குறைந்தது. இடையில் பதினொரு வாரம் முள் அசையவேயில்லை. முன்பாயிருந்தால் விட்டிருப்பேன். அந்தப் பதினொரு வாரத்தில் வேறு சில அசைந்தன. மாடி வகுப்புக்கு ஏறியதும் மூச்சு வாங்குவது நின்றது. இடுப்புச் சுற்றளவு நான்கு சென்டிமீட்டர் குறைந்தது. நம் நாட்டுப் பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டருக்கு மேற்படாதிருப்பது நல்லது என்பது மருத்துவர் கருத்து. வெறும் வயிற்றுச் சர்க்கரை 101-க்கு வந்தது.

ஆனால் தனியாக நடந்திருந்தால் இவ்வளவு காலம் நடந்திருக்கமாட்டேன். அடுத்த தெரு அக்கா ஒருவர் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வாசலில் நின்று குரல் கொடுப்பார். அவருக்குப் பயந்தே பல நாள் எழுந்தேன். சென்னை ஏசியாட் காலனியில் நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். அங்கே நீரிழிவு பற்றி ஆய்வு செய்த டாக்டர் வி. மோகன் குழுவினரின் விளக்கத்தைக் கேட்ட குடியிருப்போர், நடக்க இடமில்லையே என்று ஓய்ந்துவிடாமல், தாங்களே பணம் திரட்டிப் பூங்கா ஒன்று அமைத்துக்கொண்டனர். தொடக்கத்தில் 100-க்கு சுமார் 14 பேர் உடற்பயிற்சி செய்த அந்தக் காலனியில், சில ஆண்டுகளில் ஏறத்தாழ 59 பேர் செய்யத் தொடங்கினர். பூங்கா வந்ததும் மனிதர்கள் திடீரென்று ஊக்கசாலிகள் ஆகிவிடவில்லை. நடப்பது எளிதாயிற்று, கூட நடக்க ஆளும் கிடைத்தது.

இனி என் மாணவியருக்கு ஒரு சொல். மேலே சொன்ன கணக்கெல்லாம் வளர்ந்தவர்களுக்கு. வளரும் பெண்கள் பட்டினி கிடக்கக்கூடாது. சென்ற ஆண்டு காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த ஒரு மாணவியைத் தாங்கிப் பிடித்தவள் நான். காலை உணவை அவள் பத்து நாளாகத் தொடவில்லை. காரணம், உடன் படிப்பவர்கள் வைத்த பட்டப்பெயர். உங்கள் உயரம் இன்னும் கூடும். அதற்கேற்ப எடையும் தானே ஒழுங்குபடும். எலும்பு உறுதிப்படும் வயது இது. இரத்தசோகை எளிதில் பற்றும் வயதும் இதுவே. கேழ்வரகு, முட்டை, கீரை, பயறு எல்லாம் வயிறார உண்ணுங்கள். பொட்டலத் தின்பண்டத்தையும் பாட்டில் பானத்தையும் குறையுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஓடி விளையாடுங்கள். தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்பைக் கணக்கு வகுப்பாக்கும் எங்கள் வழக்கம் இதற்கு இடைஞ்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். தோழியைக் "குண்டு" என்று அழைப்பவள், தன் நாவினால் ஒரு பிள்ளையின் சோற்றைப் பறிக்கிறாள் என்பதை நினைவில் வைக்கட்டும்.

தாய்மார்களே, பள்ளி விட்டபின் மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை நம் மைதானம் உங்களுக்காகத் திறந்திருக்க, தலைமைச் சகோதரி அவர்கள் அன்புடன் இசைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வளைபந்து ஆடும் வேளையில் ஓரமாக நாம் சுற்றி வரலாம். நான்கு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நானும் அடுத்த தெரு அக்காவும் வேப்பமரத்தடியில் நிற்போம். நல்ல செருப்பு ஒன்றைத் தவிர எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. எடை பார்க்கும் கருவி அங்கே இருக்காது.