வண்டி எத்தனை மணிக்கு வரும்?

தாம்பரத்தை அடுத்த சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் தூய்மை இந்தியா திட்டப் பரப்புரையாளராக நான் வீடு வீடாக ஏறி இறங்கியபோது, கதவைத் திறந்தவர்கள் எது மக்கும் குப்பை, எது மக்காத குப்பை என்று கேட்டது அபூர்வம். "வண்டி எத்தனை மணிக்கும்மா வரும்?" என்றுதான் கேட்பார்கள். விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

காலி பாட்டில் பால்கனியில் ஒரு வாரம் கிடந்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்ந்த செதிலும் குடலும் அப்படியா? சித்திரை வெயிலில் மறுநாள் காலைக்குள் புழு வைத்துவிடும். ஏழரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய பெண்ணின் வாசலுக்கு வண்டி எட்டேகாலுக்கு வந்தால் அவர் என்ன செய்வார்? எல்லாவற்றையும் ஒரே கேரி பேக்கில் முடிந்து, தெருமுனைக் காலி மனையில் போட்டுவிட்டு ஓடுவார். குப்பையைப் பிரிக்க அவருக்கு நன்றாகவே தெரியும். காத்திருக்கத்தான் நேரமில்லை.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. சேர்ந்த ஊர்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குப்பைக் கதை உண்டு. சிட்லபாக்கம் ஏரிக்கரையிலும் பல்லாவரம் பெரிய ஏரியிலும் ஆண்டுக்கணக்கில் குப்பை குவிந்தது. பம்மலிலோ 1994-லேயே மங்களம் பாலசுப்பிரமணியன் தன் சங்கரா நகர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பின் வழியில் தெருவைச் சுத்தம் செய்ய இறங்கினார். வீட்டுக் குப்பையைப் பிரித்து வாங்கி மண்புழு உரம் தயாரிக்கிற அளவுக்கு அது வளர்ந்தது. செயலியும் ஜி.பி.எஸ்ஸும் இல்லாத காலம் அது. தெருவுக்குத் தெரிந்த முகம் வாசலில் வந்து நின்று வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். இன்றைய தொழில்நுட்பம் முதலில் அந்த நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி.

சென்னையைச் சுற்றிக் குப்பை வண்டிகளில் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. சில ஊர்களில் வாசல் கதவில் கியூ.ஆர். ஸ்டிக்கரும் ஒட்டுகிறார்கள். தூய்மைப் பணியாளர் அதை ஸ்கேன் செய்தால் அந்த வீட்டுக்கு வந்துபோனதாகப் பதிவாகும். ஒரு தெருவில் அருகில் நின்று பார்த்தேன். ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் போன். கையுறையோடு தொட்டால் திரை நகரவில்லை. கழற்றினால் விரலெல்லாம் ஈரம். "வெயில் அடிக்குது மேடம், எடுக்க மாட்டேங்குது" என்று அந்த அக்கா போனைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துப் பிடித்தார். ஒருவழியாக ஸ்கேன் ஆனது. ஆனால் வாளிக்குள் சாதமும் சானிடரி நாப்கினும் ஒன்றாகக் கிடந்ததை அந்தப் பதிவு யாருக்கும் சொல்லாது. ஆள் வந்தாரா என்று கண்காணிக்கத்தான் அது உதவும்.

எங்கள் தெருக்களில் உடனே பலன் தந்தது, தெரு வாட்ஸ்அப் குழுவில் தூய்மைப் பணியாளர் போடும் வாய்ஸ் மெசேஜ். "கோயில் தெரு முடிச்சிட்டேன்க்கா, அடுத்து உங்க தெருதான், வாளிய எடுத்து வைங்க." எழுத வேண்டாம், படிக்க வேண்டாம். குரல் கேட்டதும் ஜனங்கள் படியிறங்கி வந்தார்கள். வண்டியில் ஏற்கெனவே இருக்கிற ஜி.பி.எஸ்ஸே இந்த வேலையைச் செய்யும். அலுவலகத் திரையில் நகர்கிற அந்தப் புள்ளியை, வாளியோடு நிற்கிறவர் போனிலும் காட்டினால் போதும்.

அடுத்து, கலந்த குப்பை. என் நோட்டில் கதவு எண்ணுக்கு நேராகப் பச்சை, சிவப்பு என்று புள்ளி வைப்பேன். சிவப்பு விழுந்த வீட்டுக்கு அன்று மாலையே போய்விடுவேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தினமும் சிவப்புதான். உள்ளே போனால், படுத்த படுக்கையாக மாமியார். அவருடைய டயப்பரை வெளியே தெரியக் கூடாதென்று காய்கறித் தோலுக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறார் மருமகள். பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பாக ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள், யாரும் பிரிக்க மாட்டார்கள் என்றேன். அன்றோடு அந்த வீட்டு வாளி சுத்தமானது. அபராதச் சீட்டோடு போயிருந்தால் கதவைத் திறந்திருக்கவே மாட்டார்கள். பச்சை, சிவப்பு என்று இரண்டே பட்டன் உள்ள செயலி இருந்தால் என் நோட்டு வேலையை ஒரு வார்டுக்கே செய்யலாம். ஆனால் சிவப்பு விழுந்த வீட்டுக்கு மாலையில் போக ஆள் வேண்டும்.

கலந்து வந்தால் என்னவாகும் என்பதை, மக்கும் குப்பையை உரமாக்கும் நுண் உர மையத்தில் பார்க்க வேண்டும். ஷாம்பு சாஷே சுற்றிக்கொண்டால் அரைக்கும் இயந்திரத்தின் பிளேடு நின்றுவிடும். பெண்கள் குனிந்து கையால்தான் பிடுங்கி எடுக்கிறார்கள். சுத்தமாக வந்த குப்பையோ தொட்டியில் தானாகவே 55 டிகிரிக்கு மேல் சூடேறி, கிருமிகள் செத்து, வாரக்கணக்கில் கறுப்பு உரமாகிறது. கலந்தது குப்பை மேட்டுக்குப் போய்க் காற்றில்லாமல் புதைந்து மீத்தேனைக் கக்குகிறது. நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது, எளிதில் தீயும் பற்றும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பை மேடு எரிந்து நாள்கணக்கில் புகைந்தது தென்சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது.

தென் கொரியாவில் உணவுக் கழிவை நேரடியாகப் புதைக்க 2005 முதல் தடை. 2013-லிருந்து கொட்டும் அளவுக்கேற்பக் கட்டணம். சியோல் அடுக்குமாடிகளில் அட்டையைக் காட்டினால் தொட்டி திறக்கும், கொட்டிய எடை அங்கேயே தெரியும். மேடவாக்கம் பக்கத்துப் பெரிய குடியிருப்புகளில் இதைச் செய்து பார்க்கலாம். தனி வீடுகள் உள்ள தெருவில் கிலோவுக்குக் காசு கேட்டால் அத்தனையும் காலி மனைக்கும் ஏரிக்கும்தான் போகும். இங்கே எடை போட வேண்டியது வீட்டை அல்ல, தெருவை. மையத்துத் தராசில் இன்று எந்தத் தெருவிலிருந்து எத்தனை கிலோ சுத்தமாக வந்தது என்பதை அந்தந்தத் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கே அனுப்பலாம். இந்தூரில் 2022 பிப்ரவரியில் தினம் 550 டன் ஈரக் குப்பையை வாங்கி எரிவாயு தயாரிக்கும் ஆலை திறந்தார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே வாசலில் பிரித்து வாங்கும் பழக்கம் வேரூன்றியிருந்தது.

செயலி எழுதுகிற பிள்ளைகளிடம் கேட்பது இதுதான்: பட்டன் பெரிதாக இருக்கட்டும், தமிழில் பேசட்டும், சிக்னல் இல்லாத சந்திலும் வேலை செய்யட்டும். போன் சார்ஜ் போன நாளுக்கு யார் சம்பளத்திலும் கை வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை முடிச்சூர்ப் பக்கம் முழங்கால் தண்ணீரில் தள்ளுவண்டியோடு நடந்து பார்த்துவிட்டுச் செயலியை எழுதுங்கள்.