மோயா: அவளா, அதுவா? 'ஃபார்ஸ்கேப்' தொடரில் உயிர்க்கலமும் திணைச் சிக்கலும்

முன்னுரை

அறிவியல் புனைவுத் தொடர்களில் விண்கலம் பெரும்பாலும் கதை நிகழும் களமாகவே அமைகிறது. மாந்தர் அதனுள் நின்று பேசுவர், போரிடுவர், அது பழுதுபட்டால் சீர்செய்வர். கலத்துக்கென ஒரு விருப்பம் உண்டா, செல்லும் திசையில் அதற்கு உடன்பாடு உண்டா என்னும் வினாக்களுக்கு அங்கு இடமில்லை. 1999 மார்ச்சு முதல் 2003 மார்ச்சு வரை நான்கு பருவங்களாக, 88 பகுதிகளில் ஒளிபரப்பான 'ஃபார்ஸ்கேப்' என்னும் ஆஸ்திரேலிய-அமெரிக்கத் தொடர் இவ்வினாக்களைத் தன் கதைக்கு அடித்தளமாகக் கொண்டது. இத்தொடரில் வரும் மோயா என்னும் கலம் ஓர் உயிர். அவளுள் வாழ்வோர் சிறையினின்று தப்பியவர்கள். அவளும் அவ்வாறே தப்பியவள்.

மேற்கண்ட தொடரில் 'அவள்' என்னும் சுட்டைக் கையாண்டமைக்கு விளக்கம் தேவை. மோயாவை எந்தத் திணையில் வைப்பது என்னும் சிக்கலைத் தமிழில் எழுதுவோர் முதல் வாக்கியத்திலேயே எதிர்கொள்ள நேர்கிறது. அச்சிக்கல் வெறும் மொழிநடை சார்ந்ததன்று. தொடரின் அறச்சிக்கலும் அதுவே என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரின் பின்புலம்

ராக்னே எஸ். ஓபேனன் உருவாக்கிய இத்தொடரை ஜிம் ஹென்சன் நிறுவனமும் ஹால்மார்க் நிறுவனமும் தயாரித்தன. படப்பிடிப்பு சிட்னியில் நடைபெற்றது. ஜான் கிரைட்டன் என்னும் அமெரிக்க விண்வெளி வீரன் தன் சிறு கலத்தைச் சோதிக்கும்போது புழுத்துளை ஒன்றில் சிக்கி, அண்டத்தின் அறியாத பகுதியில், நடந்துகொண்டிருக்கும் சண்டையொன்றின் நடுவே வந்து விழுகிறான். அங்குப் 'பீஸ்கீப்பர்' எனப்படும் படையினரின் சிறைக்கலமாகிய மோயாவைக் கைதிகள் கைப்பற்றிக்கொண்டிருக்கின்றனர். மனைவியைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்ட போர்வீரன் டார்கோ, தாவர இனத்தைச் சார்ந்த துறவி ஸான், அரியணை இழந்த குள்ள அரசன் ரைஜெல் ஆகிய மூவரும் அக்கைதிகள். அந்நியனோடு பழகியதால் மாசுபட்டவள் எனத் தன் படையினராலேயே ஒதுக்கப்பட்ட ஏரின் சன் என்னும் வீராங்கனையும் விரைவில் அவர்களோடு சேர்கிறாள். மோயாவின்மேல் பூட்டப்பட்டிருந்த கட்டுப்பாட்டு வளையம் அகன்றதும், 'ஸ்டார்பர்ஸ்ட்' எனப்படும் பெரும்பாய்ச்சலால் அவள் அனைவரையும் சுமந்து தப்புகிறாள்.

தப்பியோடியோர் குழு ஒன்று விந்தையான கலத்தில் அலைவது புதிய கருவன்று. 1978 முதல் 1981 வரை பிரிட்டனில் ஒளிபரப்பான 'பிளேக்ஸ் செவன்', 1997இல் தொடங்கிய 'லெக்ஸ்' ஆகியவை இவ்வழியில் முன்னரே சென்றவை. எனினும், கலத்தின் உரிமையைக் கதையின் முதன்மையான வினாவாக்கியதில் ஃபார்ஸ்கேப் தனித்து நிற்கிறது.

பாவைக் கலையில் பெயர்பெற்ற ஹென்சன் நிறுவனத்தின் பங்கு இங்குக் குறிப்பிடத்தக்கது. ரைஜெலும், மோயாவோடு உடலால் இணைந்து அவளை வழிநடத்தும் பைலட்டும் மனிதர் இயக்கிய பாவைகள். நான்கு கைகளும் ஓட்டுடைய பெருந்தலையும் கொண்ட பைலட்டின் உருவம் நடிகர்முன் உண்மையில் இருந்தது. அதனால் அவர்களின் பார்வை வெற்றிடத்தை நோக்காமல் ஒரு முகத்தை நோக்குகிறது. மோயாவின் உட்புறமும் விலாவெலும்புகளை ஒத்த வளைவுகளால் ஆனது. கணினி வரைகலையால் மட்டும் இந்நம்பகத்தன்மையை அக்காலத்தில் எட்டியிருக்க இயலாது என்றே தோன்றுகிறது.

பெயரும் திணையும்

மோயா 'லெவியதன்' என்னும் இனத்தைச் சார்ந்தவள். இது விவிலியத்தில் இடம்பெறும் பெருங்கடல் உயிரியின் பெயர். தமிழ் விவிலியத்தில் லிவியாதான் என வழங்குகிறது. அவ்வுயிரியைத் தூண்டிலிட்டுப் பிடிக்கவோ அடிமையாக்கிக்கொள்ளவோ மனிதனால் இயலாது என்பதே யோபு நூலில் அப்பெயர் வரும் இடத்தின் கருத்து. தொடரிலோ பீஸ்கீப்பர்கள் அதனைச் செய்து முடித்திருக்கின்றனர். லெவியதன்களுக்குப் படைக்கலன் இல்லை. பாய்ந்து தப்புதல் ஒன்றே அவற்றின் தற்காப்பு. வளையம் பூட்டப்பட்டபின் அதுவும் இல்லாமற்போகிறது.

ஆங்கிலத்தில் மோயா பெண்பாற் சுட்டால் குறிக்கப்படுகிறாள். ஆனால், கப்பலைப் பெண்பாலில் வழங்குதல் ஆங்கிலக் கடலோடிகளின் பழைய வழக்கம். எனவே, மோயாவைப் பெண்பாலில் சுட்டுபவர் அவளை உயிராக மதிக்கிறாரா, கடலோடி வழக்கைப் பின்பற்றுகிறாரா என்பது சுட்டளவில் விளங்காது. அம்மொழியின் வினைமுற்றும் இதனைக் காட்டிக்கொடுப்பதில்லை. தமிழிலோ படர்க்கை வினைமுற்று பெரும்பாலும் திணையையும் பாலையும் வெளிப்படுத்திவிடுகிறது. 'மோயா தப்பியது' என்பதற்கும் 'மோயா தப்பினாள்' என்பதற்கும் நடுவே ஒதுங்கி நிற்க எழுதுபவருக்கு இடமில்லை.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் மக்களை உயர்திணை என்றும், அவரல்லாத பிறவற்றை அஃறிணை என்றும் வகுக்கிறது. மரபியலோ உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகைப்படுத்துகிறது. மக்கள் அல்லாத, ஆனால் மனவுணர்வு உடைய மோயா இவ்விரு பகுப்புகளுக்கும் இடையே நிற்பவள். நன்னூல் இதற்கு மற்றொரு வழியைத் திறக்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருதலை அந்நூல் ஏற்கிறது. உவப்பின் மிகுதியால் பசுவைத் தாயாகக் கூறி உயர்திணை வினையால் முடித்தல் உரைகளில் காட்டப்படும் சான்று. இது திணைவழுவமைதி. அதாவது, வழுவெனினும் பேசுபவரின் உணர்வு கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது.

இவ்விலக்கணப் பாகுபாடு ஃபார்ஸ்கேப்பின் மையச் சிக்கலைக் கூர்மையாக எடுத்துரைக்க உதவுகிறது. மோயாவை 'அவள்' என்பது பயணிகளின் உவப்பால் நேர்ந்த வழுவமைதியா, அல்லது வழாநிலையா? வழுவமைதி எனின், உவப்பு நீங்கும்போது சுட்டும் நீங்கிவிடும். அந்நிலை தொடரின் முதற் பருவத்திலேயே வந்துவிடுகிறது.

வெட்டப்பட்ட கை

முதற் பருவத்தின் இடையில் வரும் 'டி.என்.ஏ. மேட் சயின்டிஸ்ட்' என்னும் பகுதியில் நாம்டார் என்னும் மரபணு ஆய்வாளன், பயணிகள் தம் தாயகம் திரும்புவதற்கான வரைபடங்களைத் தருவதாகக் கூறுகிறான். அதற்கு விலையாக அவன் கேட்பது பைலட்டின் கை ஒன்று. டார்கோவும் ஸானும் ரைஜெலும் சேர்ந்து, பைலட் அலறிக்கொண்டிருக்கும்போதே அக்கையை வெட்டி எடுக்கின்றனர்.

தொடரின் மிகக் கடுமையான காட்சிகளுள் ஒன்று இது. வெட்டியவர்கள் பகைவர் அல்லர். பார்வையாளர் அதுவரை பரிவோடு பின்தொடர்ந்த முதன்மை மாந்தர். அதிலும் ஒருத்தி துறவி. சிறையில் தாம் பட்ட துன்பங்களைப் பேசியவர்கள், தம்மைச் சுமந்து செல்பவனின் உடலைத் தம் விடுதலைக்கு விலைப்பொருளாக்குகின்றனர். கை மீண்டும் வளரும் என்பது உண்மையே. ஆனால், வளரும் என்பதால் வெட்டலாம் என்னும் வாதம் மரத்துக்குப் பொருந்தலாம், பேசுபவனுக்குப் பொருந்துமா? அந்தக் கணத்தில் பைலட்டும் அவன் வழியாக மோயாவும் அஃறிணையாக ஆக்கப்படுகின்றனர்.

கிரைட்டன் சினம் கொள்கிறான். பைலட்டோ அவ்வாறு கொதிப்பதில்லை. தன் இனத்தாரால் தாமாக விண்ணில் செல்ல இயலாது. அண்டத்தைக் காணும் பேற்றுக்கு ஈடாகப் பிறருக்குத் தொண்டு செய்வது தமக்கு ஏற்புடையதே என்பது அவன் நிலை. இவ்விடையை அவனது பெருந்தன்மை என்று கொண்டு கடந்துசெல்வது எளிது. இரண்டாம் பருவம் அவ்வாறு கடக்க விடுவதில்லை.

பைலட்டையும் மோயாவையும் பாகனுக்கும் யானைக்கும் ஒப்பிடத் தோன்றலாம். அவ்வொப்புமை முழுதும் பொருந்தாது. பாகன் கையில் அங்குசம் உண்டு. அவன் இறங்கிச் செல்லலாம். பைலட் இறங்க முடியாதவன். மோயாவின் வலி அவனுக்கும் வலி. அவள் பேசுவதில்லை, அவளுக்காகப் பேசுபவன் அவனே.

கருவுற்ற கலம்

கை வெட்டப்பட்ட நிகழ்ச்சிக்குச் சற்றுப் பின்னர், மோயாவின் இயக்கம் குலைகிறது. காற்றும் வெப்பமும் தடுமாறுகின்றன. பழுதுநீக்கும் சிற்றெந்திரங்கள் பயணிகளைத் தாக்குகின்றன. நோயோ கோளாறோ என அவர்கள் அஞ்சுகின்றனர். உண்மையில் அவள் கருவுற்றிருக்கிறாள். பீஸ்கீப்பர்கள் விட்டுச்சென்ற கருவிகளைத் தேடிய டார்கோ, ஒரு தடுப்பை அறியாமல் அகற்றியதே அதற்குக் காரணம். பயணிகளுக்குப் போகவேண்டிய ஆற்றலை அவள் கருவுக்குத் திருப்பியிருக்கிறாள்.

பயணிகள் கோளாறு என்று கண்டது மோயாவின் முதல் தெளிவான விருப்பம். பணிந்து நடக்கும்வரை அவள் நல்ல கலமாக இருந்தாள். தனக்கென ஒன்றை விரும்பியதும் பழுதுபட்ட கலம் ஆனாள். 'கலம்' என்னும் சொல்லிலேயே இப்பார்வை உறைந்திருக்கிறது. பிறிதொன்றைக் கொள்வதற்கென அமைந்தது கலம். அக்கலம் தனக்கென ஓர் உயிரைக் கொள்ளும்போது, உள்ளிருப்போர் விருந்தினர் நிலைக்கு இறங்குகின்றனர். குழந்தைக்கு ஊறு செய்யமாட்டோம் என்று மோயாவுக்கு அவர்கள் உறுதி தருவது, தொடரில் அவளோடு நேரிடையாகச் செய்துகொள்ளப்படும் முதல் உடன்படிக்கை எனலாம். உவப்பால் வந்த 'அவள்' உரிமையால் வரும் 'அவள்' ஆகத் தொடங்கும் இடம் இது.

பைலட்டின் கடந்த காலம்

இரண்டாம் பருவத்தின் 'த வே வீ வேர்ன்ட்' என்னும் பகுதியில் பழைய ஒளிப்பதிவு ஒன்று கிடைக்கிறது. மோயாவுக்கு முன்னர் வேறொரு பைலட் இருந்தாள். அவள் இணங்க மறுத்ததால் பீஸ்கீப்பர்கள் அவளைச் சுட்டுக்கொன்றனர். சுட்ட அணியில் ஏரினும் இருந்தாள். இதை அறிந்த பைலட் ஏரின்மீது கொள்ளும் சினம் கதையின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதி அவனைப் பற்றியது. லெவியதனோடு இணையும் தகுதி அவனுக்கு இல்லை என மூத்தோர் மறுத்திருந்தனர். விண்மீன்களைக் காணும் ஆசையால் பீஸ்கீப்பர்களின் அழைப்பை அவன் ஏற்றான். தான் இசைந்திராவிடில் முன்னவள் கொல்லப்பட்டிருக்கமாட்டாள் என்னும் குற்றவுணர்வே அவனை அரிக்கிறது. கையை இழந்தபோது அவன் காட்டிய பொறுமையில் இக்குற்றவுணர்வின் நிழலும் இருந்திருக்கக்கூடும் என மீள்பார்வையில் எண்ணத் தோன்றுகிறது.

மோயாவோடு அவனைப் பிணைத்தது இயல்பான இணைப்பன்று. விரைவு கருதி வலிந்து பொருத்தப்பட்டது. ஓயாத வலியைத் தருவது. பைலட் அவ்விணைப்புகளைத் தன் கையாலேயே பிய்த்தெறிகிறான். பின்னர், மெல்ல நிகழும் இயற்கையான இணைப்பை மோயாவோடு புதிதாகத் தொடங்குகிறான். வளையம் அகன்றதோடு மோயா விடுதலை பெற்றாள் என்று பார்வையாளர் கொண்டிருந்த எண்ணம் இங்குத் திருத்தப்படுகிறது. அவளது நடுவிடத்திலேயே ஒரு விலங்கு எஞ்சியிருந்தது. பயணிகள் அதன் பயனைத் துய்த்துவந்தனர்.

முன்பு பைலட்டின் கையை வெட்டியோருள் ஒருத்தியாகிய ஸான், மூன்றாம் பருவத்தில், வேறொரு கலத்தோடு பிணைந்து அழியவிருந்த மோயாவை விடுவிக்கத் தன் உயிரைக் கொடுக்கிறாள். தொடர் இவ்விரு செயல்களையும் வெளிப்படையாக இணைத்துப் பேசுவதில்லை. பேசாமல் விட்டதே நன்று.

டாலின்

மோயாவின் குழந்தை டாலின். ஏரின் தன் தந்தையின் பெயரை அதற்குச் சூட்டுகிறாள். பீஸ்கீப்பர்களின் ஆய்வால் உருவானதால், லெவியதன்களுக்கு இயல்பில் இல்லாத படைக்கலன்களோடு அது பிறக்கிறது. தாய்க்கு அடைக்கலம் தேவை. மகனுக்குக் கட்டுப்பாடு தேவை. கிரைட்டனைத் துரத்திவந்த தளபதி கிரெய்ஸே டாலினோடு இணைந்து அதன் வழிகாட்டியாகிறான். மூன்றாம் பருவ இறுதியில் அவ்விருவரும் பகைவரின் பெருங்கலத்தினுள்ளேயே பெரும்பாய்ச்சலை நிகழ்த்தி அதனையும் தம்மையும் அழித்துக்கொள்கின்றனர்.

அதன்பின் மோயா, டாலினின் எச்சங்களைத் தன் இனத்தாரின் இடுகாட்டுக்குக் கொண்டு செல்கிறாள். எவ்வழியில் செல்வது என்று பயணிகள் ஓயாது பூசலிடும் தொடரில், இப்பயணத்தின் திசை ஒரு தாயின் துயரால் அமைகிறது. இடுகாட்டில் மற்றொரு லெவியதன் அவர்களைத் தாக்குகிறது. பீஸ்கீப்பர்களிடம் தன் குழந்தைகளை இழந்து அறிவு திரிந்த தாய் அது. பயணிகள் அதனைக் கொல்கின்றனர். அதன்பின்னரே டாலின் அடக்கம் செய்யப்படுகிறான். மோயாவை 'அவள்' என்று சொல்லப் பழகிய பார்வையாளர், பெரும்பாலும், கொல்லப்பட்ட அந்த லெவியதனை 'அது' என்றே சொல்லியிருப்பர். இக்கட்டுரையின் மேற்கண்ட வரிகளும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளன.