கண்டீரவாவில் ஒரு சென்னைப் பெண்

கப்பன் பூங்கா பக்கம் போகும்போதெல்லாம் கண்டீரவா உள்விளையாட்டரங்கத்தைக் கடந்துதான் போகிறோம். 2017 ஜூலையில் அங்கே நடந்த ஆசியக் கோப்பை மகளிர் கூடைப்பந்துப் போட்டியின் 'பி' பிரிவு இறுதி ஆட்டத்தில், இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்றார்கள். இரண்டே புள்ளி! அந்த வெற்றியால்தான் இந்தியா முதல் பிரிவுக்கு உயர்ந்து, 2019ல் அதே பெங்களூரில் ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியா ஆடிய பெரிய போட்டியில் இடம் பெற்றது.

2017 அணியில் மூத்தவர் சென்னை அனிதா பால்துரை. எத்தனை வாசகர்களுக்கு இந்தப் பெயர் தெரியும்? கிரிக்கெட்காரர்களின் முழங்கால் வலிகூட நமக்கு மனப்பாடம்!

1985ல் பிறந்த அனிதா, முதலில் ஓட்டமும் கைப்பந்தும் ஆடியவர். பிறகுதான் கூடைப்பந்து. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படித்தார்; தெற்கு ரயில்வேயில் வேலை. கல்லூரி மாணவிகள் தேர்வுக்கு அஞ்சும் 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவி. 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடினார்.

இடையில் திருமணம், குழந்தை. நம் வீடுகளில் பெண்ணின் விளையாட்டு பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். அனிதாவோ பயிற்சிக்குத் திரும்பினார். அப்படித் திரும்பியவர்தான், 32 வயதில், இளம்பெண்களுக்கு நடுவே கண்டீரவாவில் தங்கம் வென்ற அணியில் நின்றார்.

பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தது 2021 ஜனவரியில். கடைசி ஆசியப் போட்டியை ஆடி முடித்து மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு!